பந்தய எரிபொருளில் காரீயத் தடையும் அதன் பொருளியல் விளைவுகளும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920களில் அமெரிக்காவில் தொடங்கியது. சாலை வாகனங்களைப் பொறுத்தவரை அது 2021ஆம் ஆண்டு உலக அளவில் முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பல நாடுகள் சாலை வாகனங்களுக்குத் தடை விதித்தன. அமெரிக்கா பந்தய வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் விலக்கு அளித்தது. அவ்விலக்கு நீடித்த களத்திலிருந்தே காரீயத்தின் சமூகச் செலவை அளக்கும் வாய்ப்புப் பின்னாளில் பொருளியலாளருக்குக் கிட்டியது. பந்தய எரிபொருளில் காரீயத்தைத் தடுப்பதால் பந்தயத் தொழிலுக்கு நேரும் இழப்பு மிகச் சிறிது என்பதையும், திடலுக்கு வெளியே வாழ்வோர் பெறும் பயன் மிகப் பெரிது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகப் பந்தயத் திடல்களின் வரலாற்றையும், தடை திருநெல்வேலிக்கு வந்துசேர்ந்த கால வரிசையையும் சான்றாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: காரீயம், பெட்ரோல், மோட்டார் பந்தயம், புறவிளைவுச் செலவு, திருநெல்வேலி, தாமிரபரணி, சோழவரம், இருங்காட்டுக்கோட்டை.

முன்னுரை

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கரையில் மோட்டார் பந்தயத் திடலென ஒன்றும் புகழ்பெற்றதில்லை. தென்மாவட்டச் சிற்றூர்களில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயமே முதலில் நினைவுக்கு வரும். எனினும் பந்தய எஞ்சினுக்கென உலகம் கண்ட எரிபொருள் ஏற்றம் அவ்வெல்லைக்குள் நின்றுவிடவில்லை. பந்தயத்தில் மெய்ப்பித்துக் காட்டப்பட்டுச் சந்தைக்கு வந்த காரீய பெட்ரோல், பின்னர் திருநெல்வேலிச் சந்திப்பிலும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஓடிய ஒவ்வொரு பெட்ரோல் வாகனத்தின் புகையிலும் இருந்தது.

இங்குச் சொல் பற்றிய தெளிவு ஒன்று தேவைப்படுகிறது. தமிழில் ஈயம் என்னும் பொதுச்சொல் இரண்டு உலோகங்களைச் சுட்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு உட்பூச்சாக இடப்படுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்குரியதும் வெள்ளீயம். பெட்ரோலில் கலக்கப்பட்டதும், மின்கலத் தகடுகளில் உள்ளதும் காரீயம். முன்னது சமையலறையில் பல தலைமுறைகளாகப் பயின்றுவந்த உலோகம். பின்னது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. பொதுச்சொல் ஒன்றாக இருப்பதால் நஞ்சின் அச்சம் மங்கிவிட வாய்ப்புண்டு. ஆதலின் இக்கட்டுரை முழுவதும் காரீயம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

எரிபொருளில் காரீயம் ஆற்றிய பணி

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் அழுத்தப்பட்டு, தீப்பொறியால் எரியூட்டப்படுகிறது. அழுத்தம் கூடக்கூட எஞ்சின் தரும் ஆற்றலும் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கலவையின் ஒரு பகுதி தீச்சுடர் சென்று சேருமுன் தானே வெடித்துவிடும். இதனைப் பட்டறைத் தொழிலாளர் ‘நாக்கிங்’ என்பர். எஞ்சினில் தட்டும் ஓசை கேட்கும்; ஆற்றல் குறையும்; நீடித்தால் பிஸ்டன் சிதையும். இத்தட்டலைத் தாங்கும் திறனே எரிபொருளின் ஆக்டேன் எண்ணால் குறிக்கப்படுகிறது.

1921ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே தட்டல் நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். 1923 பிப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் நடந்த இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்கள் காரீய பெட்ரோலில் ஓடின. புதிய சரக்குக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் வாய்த்திருக்க இயலாது. பந்தயத் திடல் இவ்வாறு காரீய பெட்ரோலின் முதற் காட்சிக்கூடமாயிற்று.

ஆக்டேன் எண்ணை உயர்த்தக் காரீயம் ஒன்றே வழியாக இருந்ததில்லை. ஆல்ககால் கலப்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்ட வழியே. காரீயம் வென்றதற்குக் காரணம் அதன் மலிவு. லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான அளவு போதுமானது. காப்புரிமை பெற்று விற்கவும் உகந்தது. அம்மலிவு எத்தகைய கணக்கின்மேல் நின்றது என்பதே பொருளியல் நோக்கில் கேட்க வேண்டிய வினாவாகும்.

விலையில் சேராத செலவு

ஒரு பொருளை உற்பத்தி செய்பவரோ நுகர்பவரோ ஏற்காது மூன்றாமவர்மீது விழும் செலவைப் பொருளியலார் புறவிளைவுச் செலவு என்பர். காரீய பெட்ரோல் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டாகத் தகும். ஆற்றல் ஓட்டுபவருக்கு, இலாபம் விற்பவருக்கு, புகை தெருவில் இருப்பவருக்கு. எரிபொருளில் உள்ள காரீயத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு புகைக்குழாய் வழியே நுண்துகளாக வெளியேறும். அது மூச்சில் கலக்கும், மண்ணில் படியும், அங்கிருந்து குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் செல்லும். உணவோடும் மண்ணோடும் உட்செல்லும் காரீயத்தை வளர்ந்தோரைவிடக் குழந்தைகளின் உடல் நான்கு முதல் ஐந்து மடங்கு மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. அறிவுத்திறன் குறைதல், கவனச் சிதறல், முதியோரில் இரத்த அழுத்தமும் இதய நோயும் ஆகியவை அதன் அறியப்பட்ட விளைவுகள். தீங்கற்றது எனத்தக்க அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு.

எச்சரிக்கை தொடக்கத்திலேயே கிட்டியது. 1924 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் காரீயச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். ஆயினும் 1926இல் விற்பனை தொடர இசைவு கிடைத்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் கணக்கு முறையாகப் பார்க்கப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1985இல் வெளியிட்ட செலவு–பயன் பகுப்பாய்வு, வளர்ந்தோரின் இரத்த அழுத்தம் குறைவதால் வரும் பயனையும் சேர்த்தால், காரீயத்தைக் குறைப்பதன் பயன் செலவைப்போல் பத்து மடங்கை எட்டுவதைக் காட்டியது. விலையில் சேராதிருந்த செலவைக் கணக்கில் சேர்த்த அளவில் மலிவு என்ற சொல்லே பொருளிழந்தது.

பந்தயத்துக்கு அளிக்கப்பட்ட விலக்கும் அதன் விலையும்

அமெரிக்காவில் 1996 சனவரி 1 முதல் சாலை வாகனங்களுக்குக் காரீய பெட்ரோல் விற்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. விமானம், பந்தய வாகனம், பண்ணைக் கருவி, படகு எஞ்சின் ஆகியவற்றுக்குத் தடை பொருந்தவில்லை. பந்தயம் ஆண்டில் சில நாள்களே நடப்பது, எரியும் எண்ணெயின் அளவு நாட்டின் மொத்த நுகர்வில் மிகச் சிறிது என்பன இத்தகைய விலக்குக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்கள்.

நாஸ்கார் பந்தய அமைப்பு 2007ஆம் ஆண்டுப் பருவத்தில் தன் பந்தயங்களில் காரீயமற்ற எரிபொருளுக்கு மாறியது. அம்மாற்றம் பொருளியலாளருக்கு ஓர் இயற்கைச் சோதனையாக அமைந்தது. பொதுவாகக் காரீயத்தின் விளைவைத் தனித்துப் பிரித்தறிவது கடினம். நெரிசல் மிகுந்த சாலையோரத்தில் வாழ்வோர் பெரும்பாலும் ஏழையர். அவர்கள் பிற மாசுகளையும் சுவாசிப்பர். நோய்க்குக் காரணம் காரீயமா, வறுமையா, பிற புகையா எனச் சொல்லவியலாது. நாஸ்காரின் மாற்றத்திலோ பந்தயமும் கூட்டமும் வாகன நெரிசலும் முன்போலவே தொடர்ந்தன. எரிபொருளிலிருந்து காரீயம் மட்டும் நீங்கியது. திடல் உள்ள வட்டாரங்களையும் இல்லாத வட்டாரங்களையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், எஞ்சும் வேறுபாடு காரீயத்தின் விளைவாகும்.

அலெக்ஸ் ஹாலிங்ஸ்வொர்த், ஐவன் ரூடிக் ஆகிய இருவரும் இம்முறையில் மேற்கொண்ட ஆய்வு 2021இல் அமெரிக்கப் பொருளியல் கழகத்தின் பொருளியல் கொள்கை இதழில் வெளியாயிற்று. பந்தயத்தில் எரிந்த காரீய பெட்ரோல் சுற்றுவட்டாரக் காற்றில் காரீயத்தையும், இரத்தத்தில் காரீயம் மிகுந்தோர் விகிதத்தையும், முதியோர் இறப்பையும் உயர்த்தியது என்பது அதன் முடிவு. இறப்புகளை மட்டும் கணக்கிட்டாலே பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு கிராம் காரீயமும் 1,100 டாலருக்கு மேல் சமூகத்துக்கு இழப்பு விளைவித்தது என அவர்கள் மதிப்பிட்டனர். ஃபுளோரிடா மாநிலப் பள்ளி மாணவரின் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு அவ்விருவரும் பிறரும் செய்த மற்றோர் ஆய்வு, பந்தயக் காரீயத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆட்பட்ட குழந்தைகளின் கல்வி அடைவு குறைந்ததைக் காட்டியது.

1,100 டாலர் என்ற எண்ணைத் தமிழகச் சூழலுக்கு அப்படியே பெயர்த்தல் பொருந்தாது. அது அமெரிக்க வருமான நிலையில் உயிரிழப்புக்கு இடப்படும் பணமதிப்பையும், அந்நாட்டுத் திடல்களைச் சூழ்ந்த மக்களடர்த்தியையும் சார்ந்தது. எனினும் அது உணர்த்தும் உண்மை எவ்விடத்தும் பொருந்தும். நாட்டின் மொத்த நுகர்வோடு ஒப்பிட்டு அளவு சிறிது என்ற வாதம், ஒரு கிராமின் தீங்கு எவ்வளவு என்ற கேள்வியை மறைத்துவிட்டது.

பந்தயத் தொழிலுக்கு நேர்ந்த இழப்பு

தடையால் பந்தயம் நலியும் என்ற அச்சத்தை ஆராய, பந்தயத்தின் இயல்பை நோக்க வேண்டும். பந்தய வெற்றி ஒப்பீட்டளவில் அமைவது. முதலில் வருபவர் எவ்வளவு விரைவாக வந்தார் என்பதைவிடப் பிறருக்கு முன் வந்தார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. தென்மாவட்ட மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் வகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் விதி வேறு. ஒரே பிரிவினுள் அனைவருக்கும் விதி ஒன்று. பூஞ்சிட்டுப் பிரிவின் வண்டி பெரிய மாட்டு வண்டியைப்போல் ஓடவில்லை என எவரும் குறை சொல்வதில்லை.

மோட்டார் பந்தயத்துக்கும் இதுவே பொருந்தும். ஓர் அணி மட்டும் காரீயத்தைக் கைவிட்டால் அது பின்தங்கும். ஆதலின் எவரும் தாமாகக் கைவிட முன்வரார். அனைவரும் ஒருசேரக் கைவிட்டால் எவருடைய ஒப்பீட்டு நிலையும் பெரிதும் மாறாது. எனவே தனியொருவருக்குச் செலவு மிகுந்ததாகத் தோன்றும் மாற்றம், பொது விதியாகும்போது பெரும்பாலும் செலவற்றதாகிறது. இத்தகைய களத்தில் தடையே மலிவான தீர்வு.

வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. ஃபார்முலா ஒன் 1958இல் ஆல்ககால் கலவைகளிலிருந்து விமான பெட்ரோலுக்கு மாறியது. 1990களில் காரீயமற்ற எரிபொருளுக்கு மாறியது. அமெரிக்க இண்டி கார் பந்தயம் நெடுங்காலம் மெத்தனாலில் ஓடி, 2007 முதல் எத்தனாலுக்கு வந்தது. நாஸ்கார் 2011இல் 15 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளை ஏற்றது. விதி மாறியபோதெல்லாம் எஞ்சின் வல்லுநர்கள் அதற்கேற்ப எஞ்சினைத் திருத்திக்கொண்டனர், பந்தயம் தொடர்ந்தது. இருபதுகளில் காரீயத்திடம் தோற்ற ஆல்ககாலே பந்தயத் திடலில் அதற்கு மாற்றாக வந்தமைந்தது குறிப்பிடத்தக்கது.

தமிழகத் திடல்கள்

இந்திய மோட்டார் பந்தயத்தின் முதன்மைக் களங்களில் தமிழகம் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பல பத்தாண்டுகள் பந்தயத் திடலாக விளங்கியது. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அக்கழகத்தின் நிலையான திடல் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு 1988இல் ஃபார்முலா மாருதி வகைப் பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் அமைந்த திடல் அவர் பெயரைத் தாங்குகிறது.

திருநெல்வேலிச் சீமைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இழை உண்டு. 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி டி.வி.எஸ். குழுமத்துக்கு வித்திட்டார். அக்குழுமத்தின் ஓசூர் இருசக்கர வாகன நிறுவனம் 1982 முதல் தனக்கென ஒரு பந்தய அணியை நடத்திவருகிறது.

கரிவரதனின் முயற்சியில் பொருளியல் நோக்கில் கவனிக்கத்தக்க கூறு ஒன்று உண்டு. சாலைக் காருக்கென உற்பத்தியான எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்ததால், நடுத்தர வசதியுடைய இளைஞரும் பந்தயத்தில் நுழைய முடிந்தது. அத்தகைய எஞ்சின் சந்தையில் விற்கும் பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டது. உயர்ந்த ஆக்டேன் எரிபொருளைத் தேடும் கட்டாயம் அதற்கு இல்லை. உற்பத்தி எஞ்சினை அடித்தளமாகக் கொண்ட பந்தயத்தில், சந்தைப் பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கும்போது பந்தயமும் பெரிய செலவின்றி அதனைப் பின்தொடர இயலும்.

தடைக்குப் பின்னான நிகழ்வுகளும் இதற்கு மாறாக இல்லை. நாடு முழுவதும் காரீய பெட்ரோல் விற்பனை 2000இல் நின்றது. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுநேரத் தெருப்பந்தயம் நடந்தது. காரீயம் நீங்கியதால் பந்தயம் வளர்ந்தது என்று இதனைக் கொண்டு நிறுவுதல் இயலாது. காரீயம் நீங்கினால் பந்தயம் நலியும் என்ற கூற்றுக்கு இடமில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

தடை பொருநைக் கரைக்கு வந்த கால வரிசை

எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த டில்லிக் காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் இந்தியாவில் காரீய நீக்கத்தை விரைவுபடுத்தின. அதற்கு முன் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை காரீயம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1994 சூனில் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் 0.15 கிராம் என்ற குறைந்த அளவு நடைமுறைக்கு வந்தது. 1995 ஏப்ரலில் அந்நகரங்களில் வினையூக்கி மாற்றி பொருத்திய புதிய கார்களுக்குக் காரீயமற்ற பெட்ரோல் விற்கப்பட்டது. காரீயம் அம்மாற்றியில் உள்ள பிளாட்டினத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதே காரணம். குறைந்த காரீய பெட்ரோல் நாடு முழுவதும் வந்தது 1997 சனவரியில். காரீயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்பட வேண்டும் என்ற நிலை 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஏற்பட்டது. அப்போது அளவு லிட்டருக்கு 0.013 கிராமைத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது.

இக்கால வரிசையில் திருநெல்வேலியின் இடம் தெளிவாகிறது. குறைந்த காரீய பெட்ரோல் சென்னைக்கு வந்து இரண்டரை ஆண்டு கழித்தே பொருநைக் கரைக்கு உரித்தாயிற்று. காரீயமற்ற பெட்ரோல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக, சென்னையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றன. வாகன நெரிசல் மிகுந்த மாநகருக்கு முதலிடம் அளித்தது கொள்கையளவில் ஏற்கத்தக்கதே. ஆனால் வரிசையில் பின்னிற்பதற்கும் ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்தியவர் அக்காலத்தில் சாலையோரத்தில் வளர்ந்த குழந்தைகள்.

அளவை உணர்த்த ஓர் எளிய கணக்கு உதவும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் செலவிடும் இருசக்கர வாகனம் ஒன்றைக் கொள்வோம். 0.56 கிராம் என்ற மேல்வரம்பில் அது ஓராண்டில் 204 கிராம் காரீயத்தைப் பயன்படுத்தும், 0.15 கிராம் வரம்பில் 55 கிராம், 0.013 கிராம் வரம்பில் 5 கிராமுக்கும் குறைவு. இத்தகைய வாகனங்கள் ஆயிரம் ஓடும் ஊரில் ஆண்டுக்கு 204 கிலோகிராம் என்பது 5 கிலோகிராமுக்கும் கீழே இறங்கும். பேருந்தும் சரக்குந்தும் டீசலில் ஓடுவதால் இக்கணக்கில் சேரா. எனவே இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் கார்களும் நெருங்கி நிற்கும் கடைத்தெருக்களும் பள்ளி வாயில்களுமே தடையின் பயனை மிகுதியாகப் பெற்ற இடங்களாகக் கொள்ளத்தக்கன.

செலவும் பயனும் பங்கிடப்பட்ட முறை

தடைக்குச் செலவு இல்லாமலில்லை. காரீயத்தால் கிடைத்த ஆக்டேனை ஈடுசெய்யச் சுத்திகரிப்பு ஆலைகள் புதிய பிரிவுகளை நிறுவ வேண்டியிருந்தது. பழைய எஞ்சின்களில் எரிந்த காரீயத்தின் படிவு புகைபோக்கு வால்வின் இருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்தது. காரீயம் நீங்கியபின் மிகுவேகத்தில் இயங்கும் பழைய எஞ்சினுக்குக் கடினப்படுத்திய வால்வு இருக்கை தேவைப்பட்டது. பந்தய எஞ்சின் எப்போதும் மிகுவேகத்தில் சுழல்வதால் இத்தேவை அதற்கு முதன்மையானது. ஆயினும் பந்தய எஞ்சின் அடிக்கடி கழற்றிப் பூட்டப்படுவதால் மாற்றம் அதன் வழக்கமான பராமரிப்புக்குள் அடங்கியது.

மறுபுறம் பராமரிப்பில் சேமிப்பும் கிட்டியது. காரீயம் எஞ்சினுள் தங்காதிருக்க அத்துடன் சேர்க்கப்பட்ட புரோமின், குளோரின் சேர்மங்கள் எரிந்து அமிலமாகிப் புகைக்குழாயை அரித்தன. அவை நீங்கியபின் ஸ்பார்க் பிளக்கும் புகைக்குழாயும் எஞ்சின் எண்ணெயும் கூடுதல் காலம் உழைத்தன. நாள்தோறும் வாகனத்தை நம்பிப் பிழைப்பவருக்கு இச்சேமிப்பு சிறிதன்று.

பயனில் பெரும்பங்கு உடல்நலத்தில் விளைந்தது. மும்பையில் 1997இல் சோதிக்கப்பட்ட குழந்தைகளில் 61.8 விழுக்காட்டினரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் குறையாத காரீயம் இருந்தது. 2002இல் அவ்விழுக்காடு 33.2 ஆகக் குறைந்தது. உலக அளவில் காரீய பெட்ரோல் ஒழிந்ததால் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படுவதாகவும், 2.45 டிரில்லியன் டாலர் சேமிக்கப்படுவதாகவும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2021இல் அறிவித்தது. செலவு ஆலைக்கும் வாகன உரிமையாளருக்கும் ஒருமுறை நேர்ந்தது. பயன் வாகனமே இல்லாதவருக்கும் ஆண்டுதோறும் கிட்டுகிறது.

எஞ்சியுள்ளவை

தடையோடு சிக்கல் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. காரீயம் சிதைந்தழியும் பொருளன்று. படிந்த மண்ணில் நிலைத்திருக்கும். சென்னையில் 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 756 குழந்தைகளிடம் 2005–06 அளவில் நடத்தப்பட்ட ஆய்வில் இரத்தக் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. காரீய பெட்ரோல் நின்று ஐந்தாண்டு கடந்த பின்னும் அந்நிலை. பழைய மண்படிவு, மின்கல உருக்குத் தொழில், வண்ணப்பூச்சு எனப் பல மூலங்கள் இதற்குப் பங்களிக்கக்கூடும். பெட்ரோல் தடை தேவையான முதற்படி, முழுத் தீர்வன்று.

எரிபொருளிலும் ஒரு விலக்கு எஞ்சியுள்ளது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களும் பயிற்சி விமானங்களும் இன்றும் ஏவிகேஸ் 100 எல்.எல். என்னும் காரீய பெட்ரோலைப் பயன்படுத்துகின்றன. இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 செப்டம்பரில் இதன் உள்நாட்டு உற்பத்தியை அறிமுகப்படுத்தியது. பெயரில் உள்ள இரண்டு எல் எழுத்துகள் குறைந்த காரீயத்தைக் குறிப்பன. ஆனால் அதில் அனுமதிக்கப்படும் மேல்வரம்பு லிட்டருக்கு 0.56 கிராம். 1994க்கு முன் இந்தியச் சாலை பெட்ரோலுக்கு இருந்த வரம்பும் அதுவே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் காரீய விமான பெட்ரோலின் புகை மக்கள் நலனுக்கு ஊறு விளைப்பதெனத் தீர்மானித்தது. தென்மாவட்டங்களில் விமானப் பயிற்சி நிலையம் அமையுமாயின், அதன் வேலைவாய்ப்பைக் கணக்கிடும்போதே அதன் எரிபொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பந்தய விலக்கு தரும் படிப்பினை.

திருநெல்வேலி ஆய்வாளர்களுக்கு இதில் செய்யத்தக்க பணி உள்ளது. குளத்தின் அடிமண் ஆண்டுக்காண்டு அடுக்காகப் படிவது. நகருக்குள் அமைந்த நயினார்குளம் போன்ற குளங்களின் அடிமண்ணை, தூர்வாரப்படாத பகுதியில் குழாயிட்டு எடுத்து, அடுக்கடுக்காகச் சோதித்தால், காரீயம் ஏறியதும் இறங்கியதும் மண்ணிலேயே பதிவாகியிருத்தலைக் காணலாம். நெடுஞ்சாலைக்குத் தொலைவில் உள்ள மேலணைப் பகுதிக் குளங்களின் மண்ணோடு அதனை ஒப்பிட்டால் வாகனக் காரீயத்தின் பங்கு தெளிவாகும். வேதியியல், பொருளியல், வட்டார வரலாறு ஆகிய மூன்று துறையினரும் கூடிச் செய்யவேண்டிய ஆய்வு இது.

முடிவுரை

பந்தய எரிபொருளில் காரீயத்தைக் கட்டுப்படுத்துவதன் பொருளியல் விளைவை மூன்று கருத்துகளாகத் தொகுக்கலாம். முதலாவதாக, பந்தய வெற்றி ஒப்பீட்டு இயல்புடையதாதலின் அனைவர்க்கும் பொதுவான தடை பந்தயத்தின் பொருளியல் அடித்தளத்தைக் குலைப்பதில்லை. இரண்டாவதாக, நாட்டின் மொத்த நுகர்வில் சிறிதெனக் கருதி அளிக்கப்பட்ட விலக்கு, திடலைச் சூழ்ந்து வாழ்ந்த முதியோர்மீதும் குழந்தைகள்மீதும் பெரும் செலவைச் சுமத்தியது. மூன்றாவதாக, தடை எப்போது வருகிறது என்பதைப் போலவே எங்கு எப்போது வருகிறது என்பதும் பொருளியல் வினாவே. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் அதற்குச் சான்று.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்கப்படுகிறது. ஒவ்வொரு புதிய எரிபொருளும் மலிவு என்ற அடைமொழியோடே வருகிறது. அம்மலிவு எவருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்று தொடக்கத்திலேயே கேட்டறிவதே காரீயத்தின் நூற்றாண்டு வரலாறு தரும் பாடமாகும்.